ஈயம் எங்கே இருக்க வேண்டும்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மின்வயரை உரித்தால் உள்ளே செம்பு சிவப்பாக இருக்காது, வெள்ளையாக இருக்கும். முதல் தடவை பார்க்கிற பையன்கள் அதை அலுமினியம் என்றே சொல்வார்கள். கத்தி முனையால் லேசாகக் கீறிக் காட்டினால் அடியில் சிவப்பு தெரியும். செம்புதான். அதன்மேல் வெள்ளீயம் பூசியிருக்கிறது.

அந்தப் பூச்சு அழகுக்காக இல்லை. அந்தக் காலத்து வயருக்கு மேலுறை ரப்பர். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர். அதற்கு மேல் நூல் பின்னல், பின்னலில் ஊறிய மெழுகு. வி.ஐ.ஆர். வயர் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். கந்தகம் செம்பைத் தொட்டால் செம்பு கறுத்துப்போகும். செம்பு ரப்பரைத் தொட்டால் ரப்பர் சீக்கிரம் கெடும். இரண்டும் ஒன்றையொன்று தின்னாமல் இருக்க நடுவில் ஈயத்தை மெல்லிய தோலாக வைத்தார்கள். ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக, மைக்ரான் கணக்கில் மட்டுமே கனமுள்ள தோல்.

அப்படி ஒரு செட்டிநாட்டு வீட்டின் வயரிங்கை முழுவதுமாக மாற்றும் வேலை ஒருமுறை வந்தது. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் வீடு. உத்தரத்தை ஒட்டித் தேக்குமரக் கேசிங். மூடியைப் பித்தளைத் திருகால் முடுக்கியிருந்தார்கள். அந்த வீட்டு ஆச்சிக்கு அதைக் கழற்றவே மனம் வரவில்லை.

“ஏந் தம்பி, எங்க மாமனார் காலத்துல போட்டது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே. இதையே வச்சுக்கக் கூடாதா?”

“செம்பு நல்லாத்தான் இருக்கு ஆச்சி. மேல இருக்க ரப்பர்தான் செத்துப்போச்சு. தொட்டாலே கொட்டுது பாருங்க.”

விரலால் அழுத்திக் காட்டினேன். ரப்பர் பொடியாக உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. சம்மதித்தார். கழற்றும்போது கேசிங்குக்குள் இருந்த இணைப்பு ஒன்றை வெட்டி எடுத்துப் பார்த்தேன். இரண்டு வயரின் இழைகளையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று கோத்து முறுக்கி, மேலே ஈயம் ஓடவிட்டிருந்தார் யாரோ ஒரு பழைய வயர்மேன். குறுக்கே வெட்டிய இடத்தில் செம்பு அன்று வார்த்ததுபோல் மின்னியது. காற்று உள்ளே போகவே இல்லை. பெயர் தெரியாத அந்த மனிதரின் கைவேலை மேல் எனக்கு வந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

அந்த இணைப்புக்கு மேரீட் ஜாயிண்ட் என்று பெயர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவில் படித்தபோது எங்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள். மேரீட் ஜாயிண்ட், டீ ஜாயிண்ட், இழுவை தாங்க வேண்டிய கம்பிக்கு வெஸ்டர்ன் யூனியன், தடித்த ஒற்றைக் கம்பிக்குப் பைண்டிங் வயர் சுற்றிக் கட்டும் பிரிட்டானியா. ஒவ்வொன்றையும் முதலில் ஈயம் இல்லாமல் செய்துகாட்ட வேண்டும். எங்கள் ஆசிரியர் அதன் ஒரு முனையை வைஸில் கொடுத்து, மறுமுனையைப் பிடித்து இழுப்பார். வழுக்கி வந்தால் ஈயச்சட்டி பக்கமே போக முடியாது. “பலம் முறுக்குல இருக்கணும். ஈயம் காத்தைத் தடுக்கத்தான்” என்பார். இந்தத் தொழிலில் நான் கேட்ட வாக்கியங்களில் இதைவிடப் பயன்பட்டது வேறு இல்லை.

இழுவைக்குத் தப்பிய பிறகுதான் சட்டியும் கரண்டியும். ப்ளோ லாம்ப் வைத்து இரும்புச் சட்டியில் ஈயத்தை உருக்குவோம். பதம் பார்க்க ஒரு காகிதத் துண்டை அதில் தொட்டு எடுக்க வேண்டும். காகிதம் பழுத்தால் சரி. கருகிப் பற்றிக்கொண்டால் சூடு அதிகம். வெள்ளையாகவே இருந்தால் போதாது. இணைப்பில் ரெசின் தடவி, அடியில் ஒரு கரண்டியை ஏந்திக்கொண்டு மேலிருந்து இன்னொரு கரண்டியால் ஊற்ற வேண்டும். ஓரிரு முறை ஊற்றும்வரை ஈயம் முத்து முத்தாக உருண்டு ஓடும். செம்பு சூடேறியதும் சட்டென்று இழைகளுக்குள் இறங்கும். அந்தக் கணத்தைக் கண்ணால் பார்த்தவனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை: சூடாக வேண்டியது செம்பு. ஈயம் தானாக வரும். சட்டிக்கு அருகில் தண்ணீர்ப் பானை இருக்கக் கூடாது, வியர்வைகூட உள்ளே விழக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஒரு சொட்டு நீர் உருகிய ஈயத்துக்குள் போனால் நீராவியாக வெடித்து முகத்தில் தெறிக்கும்.

படித்து முடித்து வெளியே வந்தபோது இந்த வித்தைக்கு வீட்டு வயரிங்கில் வேலை குறைந்திருந்தது. பி.வி.சி. வயர் வந்துவிட்டது. நடுவழியில் இணைப்பே போடாமல், சுவிட்சுக்குச் சுவிட்சு, ரோசுக்கு ரோசு வயரை வளைத்துக் கொண்டுபோகும் லூப்பிங் முறைதான் எங்கும். இணைப்பு என்றால் திருகுக்கு அடியில் மட்டும். அப்போதைய வயர்கள் 1/18, 3/22, 3/20, 7/20. முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, அடுத்தது கேஜ். எங்கள் ஊர்க் கடைகளில் இன்னமும் ‘த்ரீ டுவென்டி ஒரு காயில்’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மூன்றே தடித்த இழை. திருகுக்கு அடியில் வளைத்து வைத்து முடுக்கினால் வயர் அசையாது.

இப்போது வருவது வேறு. 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.3 மில்லிமீட்டர் கனத்தில் 22 இழை. 2.5இல் 36 இழை. 4இல் 56. வளைவதற்கு நல்லது, சுவருக்குள் போகும் பைப்பில் இழுப்பதற்குச் சுகம். ஆனால் திருகு முடுக்கும்போது மெல்லிய இழைகள் பிதுங்குகின்றன, இரண்டு மூன்று வெட்டுப்பட்டுவிடுகின்றன, ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்துத் திருகைத் தொடுகிறது. இதற்கு மருந்தாக ஒரு பழக்கம் வந்தது. வயர் முனையைச் சால்டர் அயனில் காட்டி ஈயத்தில் தோய்த்து, ஒரே கம்பியாக்கி, அப்படியே திருகுக்குள் செருகி முடுக்குவது. டின்னிங். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஓர் இழை பிரியாது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ‘நல்ல வேலைக்காரன்’ என்று திருப்தியோடு போவார். செய்கிறவரும் அக்கறையோடுதான், கூடுதல் நேரம் செலவழித்துத்தான் செய்கிறார்.

அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சோம்பேறித்தனத்தால் வரும் பழுதைக் கண்டித்துத் திருத்தலாம். அக்கறையால் வரும் பழுதை விளக்கித்தான் திருத்த முடியும்.

நாம் வாங்கும் 60/40 ஈயக்கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். தனியாக உருக வெள்ளீயத்துக்கு 232 டிகிரி வேண்டும், காரீயத்துக்கு 327. இரண்டும் சேர்ந்தால் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். செம்பு உருக 1085 டிகிரி. இதைக் கெல்வின் அளவில் வைத்துப் பார்த்தால் உண்மை இன்னும் தெளிவாகத் தெரியும். ஈயக் கலவை இளகுவது 456இல். நம் ஊர் அறை வெப்பமே 303ஐ ஒட்டியது. அதாவது சும்மா இருக்கும்போதே அது தன் உருகுநிலைக்கு மூன்றில் இரண்டு பங்கு தூரம் வந்துவிட்ட உலோகம். செம்போ ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய நிலையில்தான் நிற்கிறது. அதனால் செம்பை அழுத்தினால் அது எதிர்த்து அழுத்தும். ஈயத்தைத் தொடர்ந்து அழுத்தினால் மெதுவாக நகர்ந்து, அழுத்தம் இல்லாத பக்கம் ஒதுங்கிவிடும். இன்று முழு பலத்தோடு முடுக்கிய திருகு சில மாதங்களில் யாரும் தொடாமலே தளர்ந்திருக்கும். பகலில் சூடு, இரவில் குளிர், சாதனம் ஓடும்போது சூடு, நிறுத்தினால் குளிர் என்று ஒவ்வொரு சுற்றிலும் அது இன்னும் கொஞ்சம் ஒதுங்கும்.

விதிப் புத்தகமும் இதையே சொல்கிறது. வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கான ஐ.எஸ். 302 தரநிலையில், அழுத்தத்தால் தொடர்பு ஏற்படும் இடத்தில் பல இழை வயரின் முனையை ஈயத்தால் ஒன்றாக்கக் கூடாது என்று இருக்கிறது. ஈயம் ஒதுங்கினாலும் பிடி தளராத வகையில், ஸ்பிரிங் வைத்ததுபோன்ற அமைப்பு இருந்தால் மட்டும் விலக்கு. நம் சுவிட்சிலும் சாக்கெட்டிலும் இருப்பது வெறும் பித்தளைத் திருகு.

தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒரு குளியலறையில் பார்த்தேன். மூன்று கிலோவாட் கீசர். ‘காலையில கருகுன வாடை வருது, ஃபியூஸ் போகலை’ என்றார்கள். 16 ஆம்பியர் சாக்கெட்டின் முகப்பு ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. கழற்றியதும் உள்ளே இரும்புப் பெட்டியின் அடியில் கடுகளவு ஈய உருண்டைகள் கிடந்தன. திருகுக்கு அடியில் இருந்த ஈயமே உருகிச் சொட்டியிருக்கிறது. வயரின் மேலுறை விரல் நீளத்துக்குக் கறுத்துச் சுருண்டிருந்தது.

கணக்கு எளியது. மூன்று கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் எடுப்பது 13 ஆம்பியர். தளர்ந்த திருகுக்கும் வயருக்கும் நடுவே வெறும் 0.15 ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் 25 வாட். என் பையில் இருக்கும் சிறிய சால்டர் அயனும் 25 வாட்தான். ஆக அந்த வீட்டில் தினமும் காலையில், எல்லாரும் குளித்து முடிக்கும்வரை, சாக்கெட்டுக்குள் ஒரு சால்டர் அயன் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. ஈயத்தை உருக்குவதற்கென்றே செய்த கருவியின் அதே சூடு, ஈயத்தை நம்பி நிற்கும் இணைப்பின்மேல். எம்.சி.பி. ஏன் விழவில்லை என்றால், அதற்குத் தெரிந்தது 13 ஆம்பியர்தான். அது நியாயமான அளவு. கசிவைப் பார்க்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் கசிவே இல்லை. தளர்ந்த திருகைக் கண்டுபிடிக்க மெயின் போர்டில் எந்தக் காவலும் கிடையாது. மூக்குதான் காவல்.

இதைச் சொல்லும்போதெல்லாம் தொழில் நண்பர்கள் எதிர்க்கேள்வி ஒன்று கேட்பார்கள். நல்ல கேள்வி. “அந்தக் காலத்து வி.ஐ.ஆர். வயர் பூரா ஈயம் பூசினதுதானே? அதையும் திருகுக்கு அடியிலதானே வச்சான்? அது நின்னுச்சே?”

நின்றது உண்மை. ஆனால் அது பூச்சு. ஒவ்வோர் இழையின்மேலும் மைக்ரான் கனத்தில் ஒரு தோல். திருகு அழுத்தும்போது அந்தத் தோல் நசுங்கி, செம்போடு செம்பு முட்டி நிற்கும். இழைகள் தனித்தனியாக இருப்பதால் ஒன்றின் பக்கத்தில் ஒன்று நகர்ந்து, திருகின் குழிக்கு ஏற்பத் தங்களை அடுக்கிக்கொள்ளும். சால்டர் அயனில் தோய்க்கும்போது நடப்பது பூச்சு அல்ல, நிரப்பல். 36 இழைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி முழுதும் ஈயம். இழைகள் நகர வழியில்லை. திருகின் அழுத்தத்தைத் தாங்குவது பல இடத்தில் ஈயம்தான். பூச்சு செம்பைக் காக்கும், நிரப்பல் செம்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் டின்னிங்கை எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்பது தானே விளங்கிவிடும்.

பல இழை வயரைத் திருகுக்குள் வைக்க நான் செய்வது பின் லக். வயரின் அளவுக்கு ஏற்ற குழாய், கிரிம்பிங் டூலில் ஒரே அழுத்து. அந்த லக்கும் ஈயம் பூசியதுதான் — பூசியது மட்டும்தான். விலை சொற்பம். லக் கிடைக்காத இடத்தில் இழைகளை வயரின் முறுக்குப் பக்கமே இறுக்கமாக முறுக்கி, இரண்டாக மடித்துச் செருகி முடுக்குவேன். துளை பெரிதாக இருந்தால் மடிப்பு அதை நிறைத்துவிடும். முடுக்கியதும் வயரைப் பிடித்து நன்றாக ஒரு இழுப்பு. பிறகு மறுபடி முடுக்கினால் கால் திருப்பம் உள்ளே போகும். அந்தக் கால் திருப்பத்தை விட்டுவிட்டு முகப்புத் தட்டை மூடக் கூடாது.

அப்படியென்றால் ஈயமே வேண்டாமா என்றால், எனக்கு அதன்மேல் பிரியம் அதிகம். அதற்கு உரிய இடங்கள் நிறைய. எல்.இ.டி. விளக்கின் டிரைவரிலிருந்து வரும் மெல்லிய வயர்கள், எல்.இ.டி. பட்டையின் செம்புத் திட்டுகள், காலிங் பெல், ஸ்பீக்கர் வயர், ஃபேன் காயிலின் எனாமல் கம்பியை வெளி வயரோடு சேர்க்கும் இடம், ஜங்ஷன் பாக்ஸுக்குள் முறுக்கிய இணைப்பு. இங்கெல்லாம் ஈயத்தை எதுவும் அழுத்திக்கொண்டு நிற்பதில்லை. எர்த் வயரில் மட்டும் ஈயத்தை நம்பி இணைப்பு வைக்கமாட்டேன். ஷார்ட் ஆகும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் பாதை அது. உயிரைக் காக்க வேண்டிய அந்த நொடியில்தான் ஈயம் இளகும். அங்கே லக்கும் போல்ட்டும்தான்.

டின்னிங் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் பாதிப்பேர் ஈயத்தை அயனின் நுனியில் உருக்கி எடுத்துவந்து வயரில் தடவுகிறார்கள். அது ஒட்டாது, ஒட்டினதுபோல் இருக்கும். முதலில் வயர். உரித்தவுடனே செய்ய வேண்டும். காற்றில் கிடந்து மங்கிய செம்பு ஈயத்தை வாங்காது. மங்கியிருந்தால் கத்தியின் பின்புறத்தால் சுரண்டிப் பளபளப்பாக்கிக்கொள்ள வேண்டும். உரிக்கும்போது ஒரு இழையும் வெட்டுப்படக் கூடாது. இழைகளை லேசாக முறுக்கினால் போதும். இறுக்கி முறுக்கினால் ஈயம் உள்ளே இறங்க வழியிருக்காது.

அடுத்து அயன். மெல்லிய வயருக்கு 25 வாட். 2.5 சதுர மில்லிமீட்டருக்கு மேல் போனால் 65 வாட்டாவது வேண்டும். பெரிய வயரை 25 வாட்டில் நிமிஷக்கணக்காகச் சூடுகாட்டினால் ஈயம் இளகுவதற்கு முன்னால் மேலுறை இளகிவிடும். பி.வி.சி. நீடித்துத் தாங்குவது 70 டிகிரிதான். கனமான அயனால் சட்டென்று சூடாக்கிச் சட்டென்று எடுப்பதே வயருக்குப் பாதுகாப்பு. நுனியில் எப்போதும் ஈயம் ஈரமாக இருக்க வேண்டும். கறுத்த நுனி சூட்டைக் கடத்தாது. ஈரத் துணியில் ஒரு துடைப்பு, உடனே கொஞ்சம் ஈயம். செம்பு நுனியை அரத்தால் ராவலாம். இரும்புப் பூச்சு உள்ள புது நுனிகளில் அரத்தை வைத்தால் அந்த நுனி அதோடு தீர்ந்தது.

நுனியை வயரின் அடியில் வைத்து, ஈயக்கம்பியை வயரின் மேல்புறம் தொட வேண்டும். அயனைத் தொடக் கூடாது. வயர் போதுமான அளவு சூடானதும் ஈயத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய பின்னும் இழைகளின் வடிவம் வெளியே தெரிய வேண்டும். மொழுக்கென்று ஆகிவிட்டால் ஈயம் அதிகம். மேலுறைக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிட வேண்டும். மேலுறைக்குள் ஈயம் ஏறினால் அந்த இடத்தில் வயர் விறைத்துப்போகும். விறைப்பு முடிகிற வரம்பில்தான் ஆட்டத்தில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். கதவோரம் போகும் வயர், டேபிள் ஃபேன் வயர் எல்லாம் அங்கேதான் அறுகின்றன.

எடுத்த பிறகு அசைக்கக் கூடாது, ஊதக் கூடாது. 60/40 ஈயம் 190 டிகிரிக்குச் சற்றுக் கீழிருந்து 183 வரைக்கும் கூழாக இருந்துவிட்டுத்தான் உறையும். அந்தச் சில நொடிகளில் கை நடுங்கினால் உள்ளே பொரிப்பொரியாகிவிடும், மேலே சாம்பல் நிறம் தெரியும். அதை மறுபடி சூடாக்கி ஓடவிடுவதைத் தவிர வழியில்லை. 63/37 கிடைத்தால் அதையே வாங்குங்கள்; கூழ்நிலை இல்லாமல் 183இல் ஒரேயடியாக உறையும். சென்னைக்குப் போகிறவர்களிடம் ரிச்சி தெருவில் அந்தச் சுருளை வாங்கிவரச் சொல்வேன். காரீயம் இல்லாத ஈயம் உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், உறைந்த பின் இயல்பாகவே மங்கலாக இருக்கும். அதன் மங்கலைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

ஃப்ளக்ஸ் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. தகர வேலை செய்கிறவர்கள் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைக் கரைத்து வைத்திருப்பார்கள். தகரத்துக்கு அது அருமையான மருந்து. ஈயம் பூசுகிறவர் நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் தேய்த்துப் பித்தளைப் பாத்திரத்துக்குள் வெள்ளீயத்தை ஓடவிடுவதும் அதே வகை வேதியியல்தான். பாத்திரத்தைக் கழுவிவிடலாம். வயரைக் கழுவ முடியாது. இழைகளுக்குள் மிச்சம் தங்கிய உப்பு ஈரத்தை இழுத்து இழுத்துச் செம்பைக் களிம்பேற்றும். ஒரு மழைக்காலம் கழித்து உரித்தால் பச்சையாக இருக்கும். வயருக்கு ரெசின் மட்டும்தான். பைன் மரத்துப் பிசினிலிருந்து வருவது. சூட்டில் வேலை செய்யும், ஆறியதும் கண்ணாடிபோல் இறுகி யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்துவிடும்.

சால்டர் செய்யும்போது எழும் புகை ஈயப்புகை என்று பலர் பயப்படுகிறார்கள். நம் அயனின் சூட்டில் காரீயம் ஆவியாவதில்லை. புகை ரெசினுடையது. ஆனால் அதுவும் லேசுப்பட்டதில்லை, தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவரும். முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் செய்ய வேண்டும். காரீயம் வருவது விரல் வழியாக. ஈயக்கம்பியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் எங்கள் தொழிலில் இருந்தது. அதைப் பார்த்தால் நான் சும்மா இருப்பதில்லை. சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தரையில் சிந்திய உருண்டைகளைக் கூட்டி எடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சில வீடுகளில், ‘ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் இதுதானே’ என்று கேட்பார்கள். இல்லை. அது வெள்ளீயம், இதில் காரீயம் கலந்திருக்கிறது. இதை வைத்துச் சமையல் பாத்திரத்தின் ஓட்டையை அடைத்துத் தரச் சொல்லி யார் கேட்டாலும் செய்து தரக் கூடாது.

டி.வி. வயருக்கு வருகிறேன். இலங்கையின் ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது நம் கடலோர ஊர்களில் வீட்டு மாடிகளில் இரும்புப் பைப்புகள் உயர்ந்தன. அதன் உச்சியில் ஆன்டெனா, பூஸ்டர். சென்னைத் தூர்தர்ஷன் எட்டாத தூரத்தில் கடல் தாண்டி வந்த படம்தான் பலருக்கு முதல் டி.வி. அந்த ஆன்டெனாவின் 300 ஓமை 75 ஓம் கேபிளோடு சேர்க்கும் பலூனில், கேபிளின் நடுக்கம்பியையும் வலைப்பின்னலையும் சால்டர் செய்துதான் ஆக வேண்டும். உப்புக்காற்று வெறும் முறுக்கை ஒரு பருவத்தில் தின்றுவிடும். படத்தில் புள்ளி விழும். ஈயம் ஓடவிட்டு, மேலே எம்-சீல் அப்பி மூடினால் தாங்கும். செம்பு வலைப்பின்னல் இருந்த காலம் அது. இன்றைய ஆர்.ஜி.6 கேபிளில் வலையும் தகடும் அலுமினியம். அலுமினியத்தின்மேல் சட்டென்று படியும் ஆக்சைடு நம் ஈயத்தை ஒட்டவிடாது. அதனால்தான் எஃப் கனெக்டரை அழுத்திப் பொருத்துகிறோம்.

அந்தக் கேபிளின் நடுக்கம்பியே கனெக்டரின் ஊசியாகவும் வேலை செய்கிறது. பல இடங்களில் அது எஃகுக் கம்பியின்மேல் செம்பு போர்த்தியதாக இருக்கும். டி.வி. அலைவரிசையில் மின்சாரம் கம்பியின் மேல்தோலில் சில மைக்ரான் ஆழத்தில்தான் ஓடுவதால் அந்தச் செம்புப் போர்வையே போதும். இதை அறியாமல் ‘கெட்டியாக இருக்கட்டும்’ என்று நடுக்கம்பிக்கு டின்னிங் செய்கிறவர்கள் உண்டு. ஓட வேண்டிய தோலின்மேல் செம்பில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கே மின்சாரம் கடத்தும் உலோகத்தை அப்பிவிடுகிறார்கள். போதாததற்குத் தடித்த ஊசி செட்டாப் பாக்ஸின் குழிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை விரித்துவிடுகிறது. பிறகு அதில் எந்தக் கேபிளைச் செருகினாலும் படம் விட்டுவிட்டுத்தான் வரும்.

என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் நாளே இரண்டு கனெக்டர் துண்டுகளைக் கொடுக்கிறேன். இரண்டிலும் 36 இழை வயர். ஒன்றை டின்னிங் செய்து முடுக்க வேண்டும், மற்றதை பின் லக் போட்டு முடுக்க வேண்டும். அவர்கள் கையாலேயே, முழு பலத்தோடு. திருகின் தலையில் மார்க்கரால் ஒரு கோடு. மாடித் தகரக் கொட்டகையில், வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டுவிடுவோம். மழைக்காலம் வரும்போது கழற்றி, அதே பையனின் கையில் அதே ஸ்க்ரூ டிரைவரைக் கொடுப்பேன். பின் லக்கின் கோடு அசையாது. டின்னிங் செய்ததில் கோடு நன்றாகத் திரும்பிப் போகும். நான் எதுவும் விளக்குவதில்லை. கேள்விகளை அவர்களே கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் சால்டர் அயனை எடுத்துக் கொடுத்து, காலிங் பெல்லின் வயரை உட்கார்ந்து பற்றவைக்கச் சொல்கிறேன்.